37 சொற்களுக்குக் காவல்

போன வருடம் அமெரிக்காவிலிருந்து வந்த என் மைத்துனர், கிளம்பும்போது பையில் மிச்சமிருந்த சில்லறையைப் பிள்ளைகளிடம் கொட்டிவிட்டுப் போனார். அதில் ஒரு கால் டாலர் நாணயம் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. ஒரு பக்கம் வழக்கம்போல வாஷிங்டன். மறுபக்கம் கழுத்தில் ஹவாய்ப் பூமாலையும் கையில் ஒரு தாளுமாக ஒரு பெண்மணி, பின்னால் நாடாளுமன்றக் கட்டடம். 2024இல் வெளிவந்த பேட்சி டேகமோட்டோ மிங்க் நாணயம் அது. 'யாரு இது?' என்று பிள்ளைகள் கேட்டதும், 'அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் வெள்ளையரல்லாத பெண்' என்று சொல்லி வைத்தேன். பதில் சரிதான். ஆனால் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் 'முதல்' என்ற பட்டம் எனக்குக் கடைசியில்தான் ஞாபகம் வரும்.

எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் தோற்ற தேர்தல்கள். 1959இல் கட்சிக்குள்ளேயே தோற்றார். 1972இல் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் நின்று ஆரிகன் மாநிலத்தில் இரண்டு சதவீதம் வாங்கினார். 1976இல் செனட்டுக்கு நின்று தோற்றார், 1986இல் ஆளுநர் பதவிக்கு, 1988இல் ஹோனலூலு மேயர் பதவிக்கு. ஒரு படி மேலே ஏறப் பார்த்த ஒவ்வொரு முறையும் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைக் கீழே இறக்கினார்கள். அப்படியிருந்தும் அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் படித்த பல கோடிப் பெண்களின் வாழ்க்கையில் அவர் கை பட்டிருக்கிறது. இது எப்படி நடந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

பேட்சி 1927 டிசம்பர் 6 அன்று ஹவாயின் மாவி தீவில் பிறந்தார். கரும்புத் தோட்ட ஊர். தாத்தா பாட்டிகள் ஜப்பானிலிருந்து வந்து குடியேறியவர்கள். அப்பா தோட்டக் கம்பெனியில் சர்வேயர். ஹவாய் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். படித்து என்ன, பதவி உயர்வு என்று வரும்போதெல்லாம் அது வெள்ளைக்காரர்களுக்கே போனது. பேட்சிக்குப் பதினான்கு வயது நிறைந்த மறுநாள் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. ஜப்பானியப் பெயர் கொண்ட எல்லோர் மேலும் சந்தேகம். அப்பாவை ஒரு ராத்திரி விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர் வீட்டிலிருந்த ஜப்பானிய நினைவுப் பொருள்களையெல்லாம் எரித்துவிட்டார். அதே பதின்வயதில்தான் மகள் மாவி உயர்நிலைப் பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

டாக்டராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. விலங்கியலும் வேதியியலும் படித்து 1948இல் பட்டம் வாங்கி, மருத்துவக் கல்லூரிகளுக்கு வரிசையாக விண்ணப்பம் போட்டார். ஒன்றுகூட இடம் தரவில்லை. அந்தக் காலத்தில் பெண்களுக்கென்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் வந்தால் கதவைச் சாத்திவிடுவது அங்கே சாதாரணம். சரி, வக்கீலாவது ஆகலாம் என்று சிகாகோ பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அங்கே இடம் கிடைத்தது, வெளிநாட்டு மாணவி என்ற கணக்கில்! ஹவாய் அப்போது அமெரிக்க ஆட்சிப் பகுதி, அவர் பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகள். அனுமதி கொடுத்தவர்களுக்கு அது தெரியவில்லையோ, தெரிந்தும் பொருட்படுத்தவில்லையோ.

சிகாகோவில் ஜான் மிங்க் என்ற நிலவியல் மாணவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, 1952இல் கைக்குழந்தையோடு ஹவாய் திரும்பினார். வக்கீல் தேர்வு எழுதப் போனால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் ஊர்தான் ஊர், உங்கள் கணவர் பென்சில்வேனியாக்காரர், அதனால் நீங்கள் ஹவாய்வாசி இல்லை என்றார்கள். மாவியில் பிறந்து வளர்ந்தவரிடம்! அவர் அதை எதிர்த்து வாதாடி, தேர்வெழுதி, 1953இல் வக்கீலானார். எந்த வக்கீல் அலுவலகமும் வேலைக்கு எடுக்கவில்லை. கல்யாணமானவர், குழந்தை வேறு இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். சொந்தமாக ஒரு அலுவலகம் திறந்தார். முதல் கட்சிக்காரர் ஃபீஸாகக் கொடுத்தது ஒரு மீன்.

இதையெல்லாம் நான் வரிசையாகச் சொல்லக் காரணம், பின்னால் அவர் நாடாளுமன்றத்தில் எழுப்பிய பிரச்சினைகள் ஒவ்வொன்றுக்கும் வேர் இங்கே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியம் அவருக்கு வெளியிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை.

ஹவாய் அரசியலில் அது ஒரு புரட்டிப்போட்ட காலம். தோட்டக் கம்பெனிகளின் செல்வாக்கில் பல பத்தாண்டுகளாக ரிபப்ளிகன் கட்சி வைத்ததே சட்டம். 1954இல் டெமாக்ரட்டுகள் அதை அடித்துச் சாய்த்தார்கள். போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஜப்பானிய அமெரிக்க இளைஞர்கள்தான் அந்தக் கட்சியின் புது ரத்தம். அந்தக் கூட்டத்தில் பேட்சியும் இருந்தார். ஒவாஹு தீவில் இளைஞர் அணியைக் கட்டியவர்களில் ஒருவர். 1956இல் ஹவாய் கீழவைக்கும், 1958இல் மேலவைக்கும் தேர்வானார். ஆண் பெண் இருவருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் கொண்டுவந்தார். பசிபிக்கில் பிரிட்டன் அணுகுண்டு சோதனை நடத்துவதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார். ஆனால் கட்சித் தலைமைக்கு அவரைக் கண்டால் ஆகாது. யாரையும் கேட்காமல் தானாக முடிவெடுத்து நிற்பவர், சொன்னபடி ஆடாதவர் என்று ஒரு பெயர்.

1959இல் ஹவாய் மாநிலமானபோது, அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் அதற்குக் கிடைத்த ஒற்றை இடத்துக்குப் போட்டியிடுவதாக முதலிலேயே அறிவித்துவிட்டு வேலையில் இறங்கியிருந்தார். செனட்டுக்கு நிற்கப்போவதாக இருந்த போர்வீரர் டேனியல் இனோய் கடைசியில் இந்தப் பக்கம் திரும்பினார். ஒரு கையைப் போரில் இழந்தவரோடு போட்டியிட்டு யார் ஜெயிப்பது? தோல்வி. 1964இல் இன்னொரு வாய்ப்பு. ஹவாய்க்கு இரண்டு இடம், மாநிலம் முழுக்க ஒரே தொகுதி, அதிக ஓட்டு வாங்கும் இருவருக்கு வெற்றி. இந்த முறையும் கட்சித் தலைமையின் ஆசி இல்லை. கணவர் ஜான்தான் பிரசார மேலாளர், சம்பளமில்லாத தொண்டர்கள்தான் படை. ஜெயித்தார். கூடவே ஜெயித்த இன்னொருவர் ஸ்பார்க் மாட்சுநாகா. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பேட்சியின் வாழ்க்கையில் இது மறுபடியும் மறுபடியும் வரும்.

வாஷிங்டன் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1967இல் உறுப்பினர்களுக்கான உடற்பயிற்சிக் கூடத்தில் வகுப்பு நடப்பதாக அறிவிப்பு வந்தது. பேட்சியும், எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர்கள் இருவரும் கிளம்பிப் போனார்கள். கதவில் 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று பலகை. மூவரும் உறுப்பினர்கள்தான். உள்ளே விடவில்லை! எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுத் திரும்பினார்கள். செய்தித்தாள்களுக்கு அது நகைச்சுவைத் துணுக்கு.

1970இல் இரண்டு மோதல்கள். ஜனாதிபதி நிக்சன், ஹாரல்ட் கார்ஸ்வெல் என்ற நீதிபதியை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். பள்ளி வயதை எட்டாத குழந்தை இருக்கும் பெண்ணை வேலைக்கு எடுக்க மாட்டோம், அப்பாக்களை எடுப்போம் என்ற ஒரு கம்பெனிக்கு எதிரான வழக்கை மறுவிசாரணைக்கு எடுக்க மறுத்தவர்களில் இவரும் ஒருவர். செனட் குழு முன் பேட்சி போய் உட்கார்ந்து, இந்த நியமனம் அமெரிக்கப் பெண்களுக்கு அவமானம் என்று சாட்சி சொன்னார். அதுவரை கார்ஸ்வெல் மீதான புகார்கள் இனப் பாகுபாட்டைச் சுற்றியே இருந்தன. பெண்கள் என்ற கோணத்தை அந்த மேஜையில் வைத்தவர் இவர். 51க்கு 45 என்ற கணக்கில் செனட் அவரை நிராகரித்தது.

இன்னொன்று சொந்தக் கட்சிக்குள். கட்சியின் முன்னுரிமைகளைப் பேசும் குழுவில் பெண்ணுரிமையையும் சேருங்கள் என்றார் பேட்சி. அந்தக் குழுவில் இருந்த டாக்டர் எட்கர் பெர்மன், முன்னாள் துணை ஜனாதிபதி ஹம்ஃப்ரியின் நண்பர், அவருக்கு மருத்துவரும்கூட. பெண்களுக்கு ஹார்மோன் கொந்தளிக்கும், மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கும் ஒரு பெண் ஜனாதிபதியாக இருந்து கியூபா மாதிரி ஒரு நெருக்கடியில் முடிவெடுக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டுவைத்தார். இவரை நீக்கியே ஆக வேண்டும் என்று பேட்சி பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். டாக்டர் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. தன்னை டாக்டராக விடாத உலகத்தின் ஒரு டாக்டரோடு அவருக்கு நேர்ந்த இந்தச் சண்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வியட்நாம் போரை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார். ராணுவத் தளங்களை நம்பிப் பிழைக்கும் மாநிலத்தின் உறுப்பினருக்கு இது லேசான காரியம் இல்லை. 'பேட்சி பிங்க்' என்று எதிரிகள் பெயர் வைத்தார்கள், கம்யூனிஸ்ட் சாயம் பூசுவதற்கு. 1972இல் சக உறுப்பினர் பெல்லா ஆப்சுக்கோடு பாரிஸுக்குப் பறந்து, அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட வியட்நாம் தரப்பின் நூயென் தி பின் அம்மையாரைச் சந்தித்தார். ஆரிகன் மாநிலத்துப் போர் எதிர்ப்பாளர்கள் கேட்டுக்கொண்டதால் அதே ஆண்டு அங்கே ஜனாதிபதி வேட்பாளர் தேர்தலில் நின்றதுதான் முன்னால் சொன்ன இரண்டு சதவீதம்.

இனி அந்த நாணயத்தில் இருக்கும் தாளுக்கு வருவோம். 1972 ஜூன் 23 அன்று நிக்சன் கையெழுத்திட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு. எல்லோரும் சொல்வது 'டைட்டில் நைன்'. அதன் உயிர் வாக்கியம் ஆங்கிலத்தில் 37 சொற்கள்தான். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும், பாலினத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது, பலன்களை மறுக்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது. அவ்வளவே. அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது.

இந்தச் சட்டத்தின் தாய் பேட்சிதான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால், கீழவையில் முன்னின்று இதை வடிவமைத்தவர் ஆரிகன் உறுப்பினர் எடித் கிரீன். 1970இல் அதற்கான விசாரணைகளை நடத்தியதும் அவர்தான். செனட்டில் தோள் கொடுத்தவர் பர்ச் பேய். பேட்சி கிரீனோடு கல்விக் குழுவில் இருந்து வரைவிலும் வாதத்திலும் பங்கெடுத்தவர். கிரீன் ஒரு தந்திரக்காரர். மசோதாவுக்கு ஆதரவு திரட்டக் கிளம்பிய பெண்கள் அமைப்புகளை 'தயவுசெய்து சும்மா இருங்கள்' என்று தடுத்துவிட்டார். நீங்கள் போய்ப் பேசினால், இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எடுத்துப் படித்துப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. கணக்குத் தப்பவில்லை, பெரிய சத்தமில்லாமல் மசோதா நிறைவேறியது.

சத்தம் அப்புறம்தான் வந்தது. படித்துப் பார்க்காமல் ஓட்டுப் போட்டவர்கள், பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகள் போட்ட கூச்சலில் விழித்துக்கொண்டார்கள். பெண்களுக்கும் பணம் ஒதுக்கினால் எங்கள் ஃபுட்பால் என்னாவது? 1974 முதல் திருத்தத்துக்கு மேல் திருத்தம். அந்த ஆண்டோடு கிரீன் நாடாளுமன்றத்தை விட்டு விலகினார். கீழவையில் காவல் நின்றது பேட்சி. என்னைக் கேட்டால் அவர் இந்தச் சட்டத்துக்குச் செய்த பெரிய வேலை அதை எழுதியதில் இல்லை, இந்தக் காவலில்தான் இருக்கிறது. சட்டம் போட்ட அன்று எல்லாருக்கும் போட்டோ உண்டு. மூன்று வருடம் கழித்து ஒரு நிதி மசோதாவின் மூலையில் அதன் குரல்வளையை நெரிக்கும்போது பார்க்க ஆள் இருப்பதில்லை.

அப்படி ஒரு மூலைதான் 1975 ஜூலை. டெக்சாஸ் உறுப்பினர் ஒருவர் கல்வி நிதி மசோதாவில் ஒரு திருத்தத்தைச் செருகினார்: உடற்கல்வி வகுப்புகள் போன்றவற்றில் இந்தச் சட்டத்தை அமல்படுத்த அரசு பணம் செலவிடக் கூடாது. சட்டத்தை ரத்து செய்யவில்லை, பல்லை மட்டும் பிடுங்குகிற வேலை. அதைத் தோற்கடிக்கும் அணியைத் திரட்டிக்கொண்டு அவையில் இருந்தார் பேட்சி. வாக்கெடுப்பு நெருங்கும் நேரத்தில் தகவல் வருகிறது: நியூயார்க் மாநிலம் இதாக்காவில் மகள் வெண்டிக்குக் கார் விபத்து. போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு எண்ணினார்கள். அவருடைய தரப்புக்கு 211, எதிர்த்தரப்புக்கு 212.

ஒரே ஒரு ஓட்டு. மகளுக்கு ஆபத்து என்று ஓடியதில் போனது. வெண்டி பிழைத்துவிட்டார், அது வேறு. அவைத் தலைவர் கார்ல் ஆல்பர்ட், பேட்சி ஏன் இல்லை என்பதை அவைக்கு எடுத்துச் சொல்லி, அந்த வாரமே மறு வாக்கெடுப்புக்கு வழி செய்தார். இந்த முறை 215க்கு 178. சட்டம் தப்பியது. அந்த அவையில் கட்சி கடந்து ஒரு மரியாதை அவருக்கு இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை பேர் மறுபடியும் ஓட்டுப் போட வந்திருக்க மாட்டார்கள்.

டைட்டில் நைனுக்கு முந்தைய கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண் பிள்ளைகள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கு மேல். மருத்துவக் கல்லூரிகளின் பெண் கோட்டாவுக்கு முடிவு கட்டியதிலும் இந்த 37 சொற்களுக்குப் பங்கு உண்டு.

இதே காலத்தில் இன்னொரு வழக்கு. அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் பூமிக்கடியில் பெரிய அணுகுண்டுச் சோதனை நடத்த 1971இல் அரசு திட்டமிட்டது. கடல் பொங்கினால் முதல் அடி ஹவாய்க்குத்தான் என்று அந்த ஊர் மக்களுக்குப் பயம். சோதனை பற்றி அதிகாரிகள் கொடுத்த அறிக்கைகளைக் காட்டுங்கள் என்று பேட்சியும் 32 உறுப்பினர்களும் தகவல் சுதந்திரச் சட்டப்படி கேட்டார்கள். ரகசியம் என்றது அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1973இல் தோற்றது. அரசு ரகசியம் என்று முத்திரை குத்திவிட்டால் நீதிபதிகூட எடுத்துப் பார்க்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இது எல்லோருக்கும் உறைத்தது. 1974இல் ஜனாதிபதி ஃபோர்டின் வீட்டோவையும் மீறி நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நீதிபதிகள் கோப்பைத் திறந்து பார்க்கலாம் என்று ஆக்கியது. தோற்ற வழக்குகூட அவருக்கு இப்படி ஒரு விதத்தில் பலித்தது.

1976இல் செனட் இடம் ஒன்று காலியானது. பேட்சி நின்றார், எதிரே மாட்சுநாகா. கட்சி யார் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. தோற்றார், கீழவை இடமும் போயிற்று. அந்த நாட்களில்தான் வேறொரு செய்தியும் அவரைத் தேடி வந்தது. மகளைச் சுமந்திருந்தபோது சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் அவருக்குக் கொடுத்த மாத்திரை டி.இ.எஸ். என்ற செயற்கை ஹார்மோன். அது ஒரு ஆராய்ச்சி. சுமார் ஆயிரம் கர்ப்பிணிகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கொடுத்திருக்கிறார்கள். அந்த மருந்து, பிறந்த பெண் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் அபாயத்தை உண்டாக்கும் என்று பின்னால் தெரியவந்தது. பேட்சி மற்ற பெண்களுக்கும் சேர்த்து வழக்குப் போட்டார். 1982இல் சமரசமாக முடிந்தது. பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற வழி கிடைத்தது.

அப்புறம் ஒரு சின்ன காலம் கார்ட்டர் அரசின் வெளியுறவுத் துறையில் கடல், சுற்றுச்சூழல் விவகாரங்களுக்கான உதவிச் செயலாளர். அது அவருக்கு ஒத்துவரவில்லை, விலகிவிட்டார். பிறகு செய்ததுதான் ஆச்சரியம். 1983இல் ஹோனலூலு நகர மன்றத்தில் உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார், இரண்டு வருடம் அதன் தலைவராகவும் இருந்தார். பன்னிரண்டு வருடம் எம்.பி.யாக இருந்த ஒருவரை நம் ஊரில் கவுன்சிலர் சீட்டுக்கு நில்லுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், கட்சியே மாறிவிடுவார். இவர் நிலப் பயன்பாடு, கட்டட அனுமதி என்று நான்கு வருடம் மல்லுக்கட்டினார். ஆளுநர் தேர்தல் தோல்வி அந்தக் காலத்தில், மேயர் தேர்தல் தோல்வி அதற்குப் பின்னால்.

1990 ஏப்ரலில் மாட்சுநாகா இறந்துபோனார். செனட்டில் அவர் இடத்துக்குக் கீழவை உறுப்பினர் டேனியல் அகாகா போக, அகாகாவின் இடத்துக்கு இடைத்தேர்தல். 62 வயதில் பேட்சி நின்று ஜெயித்தார். யார் தன்னைத் தோற்கடித்தாரோ அவர் இறப்பில் திறந்த வழி. அரசியலில் மட்டும்தான் இப்படிக் கணக்கு நேராகும்.

திரும்பி வந்த பேட்சி அடங்கியவராக இல்லை. 1991 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மீது அனிதா ஹில் பாலியல் தொல்லைப் புகார் சொன்னபோது, விசாரிக்காமலே வாக்கெடுப்புக்குப் போகப் பார்த்தது செனட். ஏழு பெண் உறுப்பினர்கள் செனட்டின் படிகளில் ஏறிப் போகும் புகழ்பெற்ற புகைப்படம் அந்த வாரத்தில் எடுத்தது. அந்த எழுவரில் பேட்சியும் ஒருவர். 1996இல் ஏழைத் தாய்மார்களுக்கான உதவித்தொகையை வெட்டும் சட்டத்தைத் தன் கட்சி ஜனாதிபதி கிளின்டனே ஆதரித்தபோது எதிர்த்து நின்று தோற்றார். அதற்கு முன்பே அவர் வைத்த மாற்று மசோதாவும் தோற்றிருந்தது. குழந்தை வளர்ப்பதும் வேலைதான் என்பது அவர் வாதம். அதைக் கேட்கும் மனநிலையில் அன்றைக்கு இரண்டு கட்சியும் இல்லை. இந்தத் தோல்விக்கு ஈடாக எதுவும் பின்னால் வரவில்லை.

2002 ஆகஸ்டில் சின்னம்மை வந்து, நிமோனியாவாக முற்றி, செப்டம்பர் 28ஆம் தேதி ஹோனலூலுவில் காலமானார். 74 வயது. ஒரு வாரம் முன்புதான் கட்சி வேட்பாளராகத் தேர்வாகியிருந்தார். வாக்குச்சீட்டிலிருந்து பெயரை எடுக்கக் காலம் கடந்துவிட்டது. நவம்பர் 5 அன்று தேர்தல் நடந்தது. இறந்தவர் என்று தெரிந்தே ஹவாய் மக்கள் 56 சதவீத ஓட்டை அவருக்குப் போட்டார்கள். அதன் விளைவு இரண்டு இடைத்தேர்தல்கள். அவர் பதவிக் காலத்தில் மிச்சமிருந்த சில வாரங்களுக்கு நவம்பர் 30இல் ஒன்று, புதிய பதவிக் காலத்துக்கு ஜனவரியில் இன்னொன்று. நவம்பர் தேர்தலில் நின்றவர்களில் அவருடைய முதல் பிரசார மேலாளர் ஜான் மிங்கும் உண்டு. இரண்டாவதாக வந்தார். இரண்டு தேர்தலிலும் ஜெயித்தவர் எட் கேஸ்.